கொடுங்கையூர் காலிமனைக் கீரையைப் பறிக்கலாமா?

நீங்கள் கேட்டது இது. வடசென்னையில் உள்ள கொடுங்கையூருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். ஐப்பசி மழை இரண்டு வாரம் அடித்து ஓய்ந்ததும் எதிரே இருக்கும் காலிமனை முழுக்கப் பச்சை. ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அத்தை அதில் ஏழெட்டுக் கீரைகளைப் பெயர் சொல்லிக் காட்டுகிறார், மடி நிறையப் பறித்தும் வருகிறார். கடையில் பார்த்தே இராத இந்தக் கீரைகளை எப்படிச் சமைப்பது, 4 வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தச் செடியைச் சாப்பிடலாமா என்பது ஒன்று. இந்த மண்ணில் வளர்ந்ததைச் சாப்பிடலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உங்கள் அத்தையே போதும், அவர் கைக்கும் கண்ணுக்கும் தெரிந்தது எந்தப் புத்தகத்துக்கும் குறைந்ததில்லை. இரண்டாவது கேள்விக்கு அவருடைய ஊர் அனுபவம் உதவாது. அவர் ஊரில் அந்தக் கேள்வி எழுந்தே இருக்காது.

நான் மீஞ்சூர் பக்கம் பிறந்தவள். அம்மா கீரை வியாபாரம். விடியுமுன் வயலில் கட்டு வாங்கி, கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் கூடையை ஏற்றிக் கொருக்குப்பேட்டையில் இறங்கி, தண்டையார்பேட்டை தெருக்களில் விற்றுவிட்டு மதியம் திரும்புவார். மழைக்காலத்தில் விதைத்த கீரை அழுகிப் போகும். அப்போது களை பறிக்கும் பெண்கள் வரப்பில் கிள்ளிச் சேர்த்த கலவைக்கீரைதான் கூடையில் இருக்கும். அதைத் தரம் பிரிப்பது சிறுவயதில் என் வேலை. பிறகு 29 ஆண்டுகள் பள்ளியில் தாவரவியல் நடத்தினேன். நான் மருத்துவர் இல்லை. நோய், மருந்து சம்பந்தமாகக் கீழே வருவதைச் சமையல் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரையும் கேளுங்கள்.

முதலில் செடிகள். நீங்கள் எழுதிய பட்டியலில் சாரணை, மூக்கிரட்டை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பருப்புக்கீரை, பண்ணைக்கீரை, முடக்கத்தான் இருக்கின்றன. எல்லாமே காலங்காலமாகச் சாப்பிட்டு வருபவைதான். சிக்கல் பெயரில் வரும். சாரணையையும் மூக்கிரட்டையையும் பலர் மாற்றிச் சொல்வார்கள், நாட்டு மருந்துக் கடையிலும் இந்தக் குழப்பம் உண்டு. சாரணையின் இலை சதைப்பற்றோடு இருக்கும். எதிரெதிரே வரும் ஜோடி இலையில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வெள்ளையோ வெளிர் சிவப்போ ஆன பூ, இலைக் கக்கத்தில் ஒற்றையாகப் பதுங்கியிருக்கும். மூக்கிரட்டையின் இலை மெல்லியது, அடிப்புறம் வெளிறியிருக்கும். கருஞ்சிவப்புப் பொடிப்பூக்கள் மெல்லிய காம்புகளில் செடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் காய் பிசுபிசுவென்று புடவைக் கரையில் ஒட்டும். இரண்டையும் சாப்பிடலாம், ஆனால் சமைக்கும் முறை வேறு என்பதால் பிரித்தறிவது நல்லது.

பருப்புக்கீரையோடு சேர்ந்தே தரையில் படரும் செடி சித்திரப்பாலாடை. தண்டைக் கிள்ளுங்கள். வெள்ளைப் பால் கசிந்தால் அது பருப்புக்கீரை இல்லை, தூக்கி எறியுங்கள். பருப்புக்கீரைத் தண்டில் தண்ணீர்தான் வரும். பொன்னாங்கண்ணியில் இன்னொரு குழப்பம் உண்டு. நம் நாட்டுப் பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூவுருண்டை கணுவோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதே சாயலில் கால்வாய் ஓரம் மண்டும் அயல்நாட்டுச் செடிக்குப் பூவுருண்டை நீளமான காம்பின் நுனியில் இருக்கும், தண்டு உள்ளீடற்றுக் குழல்போல் இருக்கும். நீரில் படரும் வள்ளைக்கீரையின் பூவைப் போலவே நெய்வேலிக் காட்டாமணக்கும் பூக்கும். ஆனால் அது ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் செடி, ஆடுமாட்டுக்கே நஞ்சு, கிட்டே போக வேண்டாம். இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஊமத்தைக் கன்றுக்குத்தான். காலிமனையில் குப்பைக்கீரையோடு கலந்து முளைக்கும். நாலைந்து இலை விட்ட பருவத்தில் அவசரக் கைக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே போனால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, பிதற்றல் வரை கொண்டுபோகும். அதனால் மழைக்கீரையைக் கொத்தாகப் பிடித்து அறுக்கவே கூடாது. ஒவ்வொரு நுனியாகக் கிள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முறத்தில் பரப்பி இன்னொரு முறை பார்க்க வேண்டும். "கீரை ஆயுறது கைவேலை இல்ல, கண்ணுவேலை" என்பார் அம்மா.

இனி மண். இங்கேதான் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 300 ஏக்கருக்கு மேல் பரந்த குப்பைக் கிடங்கு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. வடக்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர, வேதிப்பொருள் ஆலைகளும். எண்ணூரில் அனல்மின் நிலையங்கள். 1970இல் ஓடத் தொடங்கிய பழைய நிலையத்தை 2017இல் மூடிவிட்டார்கள், ஆனால் 1990களில் வந்த வடசென்னை அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் சாம்பல் குளம் செப்பாக்கத்தில் இருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் எல்லாம் சிறு அளவில் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கசிந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பல காலிமனைகளைக் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டித்தான் மேடாக்குகிறார்கள். மேலே நான்கு விரல் மண் தெரியும், அதன் கீழே பழைய பெயிண்ட் துண்டு, பேட்டரி, ட்யூப்லைட் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

கீரையை மூன்று தண்ணீரில் அலசினால் போதாதா என்று அத்தை கேட்பார். அலசினால் போவதும் உண்டு, போகாததும் உண்டு. வெள்ளத்தோடு வந்த சாக்கடைக் கிருமி, புழு முட்டை எல்லாம் அலசிக் கொதிக்கவிட்டால் ஒழிந்துபோகும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், இலையில் அது சேர்வது தூசியாகத்தான், அதனால் நன்றாக அலசினால் ஒரு பங்கு குறையும். காட்மியம் அப்படியில்லை. வேர் அதை உறிஞ்சி இலைக்கு அனுப்பிவிடும். இலைக்குள் போனதை உப்புத் தண்ணீரோ மஞ்சள் தண்ணீரோ புளித்தண்ணீரோ வெளியே கொண்டுவராது, கொதிக்க வைத்தாலும் உலோகம் அழியாது. கோடெக்ஸ் என்னும் உலக உணவுத்தர அமைப்பு இலைக்கீரையில் கிலோவுக்கு ஈயம் 0.3 மில்லிகிராமுக்கும் காட்மியம் 0.2 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது என்கிறது. அந்த அளவு நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாது, தழைத்து நிற்கும் செடியைப் பார்த்தும் சொல்ல முடியாது. ஈயத்தைப் பொறுத்தவரை குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே உங்கள் எதிர்மனைக் கீரை குழந்தைக்கு வேண்டாம். பெரியவர்கள் ஒருவேளை சாப்பிட்டுவிட்டதற்காகப் பதற வேண்டாம், ஒருநாள் சோற்றில் ஒன்றும் ஆகிவிடாது. வாரம் மூன்று முறை, வருடம் முழுக்க என்று போகும்போதுதான் இது சேர்ந்துகொண்டே போகும். உங்கள் மனை மண்ணைப் பரிசோதனைச் சாலையில் கொடுத்துச் சுத்தம் என்று வந்தால் தாராளமாகப் பறியுங்கள். அதுவரை நான் அந்தப் பக்கம் முறம் எடுத்துப் போகமாட்டேன்.

இதே காரணத்தால் நான் கைவிட்ட கீரை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லும்போது இப்போதும் மனது கனக்கிறது. உமரிக்கீரை. உப்பங்கழிச் சேற்றில் மணிமணியாகச் சதைப்பிடித்து வளரும். பாட்டி அதை இரண்டு முறை கொதிக்கவைத்துப் பிழிந்து, உப்பே போடாமல், தேங்காய்ப்பூவும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்குவார். செடிக்குள் இருக்கும் கடலுப்பே பொரியலுக்குப் போதும். கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துச் சேறு இன்று இருக்கும் நிலையில் அங்கே பறித்ததை என் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கையால் பறிக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. வெள்ளம் வடிந்த மனையில் எலி மூத்திரம் கலந்த தண்ணீர் தேங்கியிருக்கும், எலிக்காய்ச்சல் பரவுவது அதனால்தான். அத்தையின் பாதத்தில் வெடிப்போ காயமோ இருந்தால் வெறுங்காலோடு இறங்கவே கூடாது.

அப்படியென்றால் மழைக்கீரைக்கு எங்கே போவது? கூடைக்காரம்மாவிடம் கேளுங்கள். மூலக்கடை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை மார்க்கெட் ஓரங்களில் காலையில் உட்காருகிறவர்களில் சிலர் பொன்னேரி, மீஞ்சூர் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள். "எந்த ஊர்க் கீரைம்மா, வயலா வாய்க்காலா?" என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். "கலவைக்கீரை கிடைச்சா எனக்கு எடுத்து வைங்கம்மா" என்று முதல்நாளே சொல்லி வைத்தால் மறுநாள் கொண்டுவருவார்கள். கேட்பார் இல்லாததால்தான் அது கூடைக்கே வருவதில்லை. வள்ளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் வாங்கும்போது மட்டும் இந்தக் கேள்வியை இரண்டு தடவை கேளுங்கள். இரண்டுமே சாக்கடைத் தண்ணீரில் செழித்து வளரக்கூடியவை, தண்ணீரில் உள்ளதையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்பவை.

சமையலுக்கு வருவோம். கலவைக்கீரைக்குக் கடையலைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை மூன்றும் சேர்ந்து நாலு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள், பண்ணைக்கீரையில் வெள்ளிச் சிவப்புப் பூங்கதிர் தலைகாட்டுவதற்குமுன் கிள்ளியதாக இருக்கட்டும். அரை ஆழாக்குப் பாசிப்பருப்பை மண்சட்டியில் முக்கால் பதம் வேகவிட்டு, கீரையோடு எட்டுப் பத்துப் பல் பூண்டு, இரண்டு பச்சைமிளகாய், ஒரு தக்காளி, கொட்டைப்பாக்கு அளவு புளி போட்டு மூடாமல் வேகவையுங்கள். மூடினால் நிறம் மங்கும். உப்பைக் கடைசியில் போடுங்கள். நாலு கைப்பிடி வெந்து ஒரு கைப்பிடியாகச் சுருங்கும், முதலிலேயே போட்டால் கரித்துவிடும். மத்தால் கடையுங்கள், மிக்ஸியில் அடித்தால் கூழாகி வழவழத்துப்போகும். தாளிக்கக் கடுகு உளுந்து வேண்டாம். வெங்காய வடகத்தை நல்லெண்ணெயில் பொரித்துக் கொட்டுங்கள். அந்த வாசனைக்கு உங்கள் வீட்டுக் குழந்தை தானே தட்டை எடுத்துவரும்.

சாரணைக்கு வேறு வழி. நுனியில் உள்ள நாலு இளம் இலை மட்டும்தான் சமையலுக்கு, முற்றிய இலை வயிற்றைப் போக்கிவிடும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கழித்து வடித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். காரணம் ஆக்சலேட், சிறுநீரகத்தில் கல்லாகச் சேரக்கூடிய பொருள். சாரணையிலும் பருப்புக்கீரையிலும் அது அதிகம். தண்ணீரில் கரையக்கூடிய பகுதி கொதிநீரோடு போய்விடும். வைட்டமின் சி-யும் கொஞ்சம் போகும்தான், பரவாயில்லை. வடித்துப் பிழிந்த சாரணையைச் சின்ன வெங்காயம், ஊறவைத்த பாசிப்பருப்பு, தேங்காயோடு வதக்கினால் பசலைக்கு அண்ணன் போல இருக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்த இரண்டையும் வடித்துங்கூட அடிக்கடி சாப்பிட வேண்டாம்.

எங்கள் பக்கத்துக் கைமணம் என்றால் அது சென்னாகூனிதான். காசிமேட்டில் கூறு போட்டு விற்கும் பொடி இறால் கருவாடு. ஒரு கைப்பிடியை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, முறத்தில் புடைத்து, மீசையும் மணலும் போக இரண்டு தடவை அலசிக்கொள்ளுங்கள். மூக்கிரட்டையின் இளம் இலையைப் பொடியாக அரிந்து, நிறைய வெங்காயத்தோடு வதக்கி, பாதி வெந்ததும் இதைப் போட்டுக் கிளறுங்கள். மூக்கிரட்டையின் லேசான கசப்பை இறாலின் இனிப்பு அணைத்துக்கொள்ளும். ஆடியில் கூழுக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையை இப்படித்தான் செய்வோம். மழைக்காலத்தில் அதே கை மூக்கிரட்டைக்குப் போகும்.

புளிச்சக்கீரையைப் பற்றிச் சொல்லாமல் வடசென்னைக் கீரை முடியாது. தெலுங்கு பேசும் குடும்பங்கள் அதைக் கோங்குரா என்று தொக்காக அரைப்பார்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்கள் அதையே சின்பாங் என்று இறால் போட்டு வதக்குவார்கள். ஒரே இலை, ஒரே தெருவில் மூன்று பாஷையில் வேகும். இலையைக் காம்பு நீக்கி எண்ணெயில் போட்டால் தானே குழைந்துவிடும், புளி தேவையில்லை. அலுமினியச் சட்டியில் மட்டும் செய்யாதீர்கள், புளிப்பு சட்டியை அரிக்கும்.

முடக்கத்தானை வேகவைத்துச் சாப்பிடுவது கஷ்டம், கசக்கும். இரண்டு கைப்பிடி இலையைக் கொஞ்சம் சீரகத்தோடு அரைத்துப் புளித்த தோசைமாவில் கலந்து உடனே ஊற்றிவிடுங்கள். கலந்து வைத்துக் காத்திருந்தால் கசப்பு ஏறும்.

நம்பிக்கைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முடக்கத்தான் மூட்டுவலியைத் தீர்க்குமா? சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது, விலங்குகளில் வீக்கம் குறைந்ததாக ஆய்வுகளும் உண்டு. மனிதரிடம் அந்த அளவுக்கு உறுதியான சான்று இல்லை. வாரம் ஒரு தோசையாகச் சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். பொன்னாங்கண்ணி மேனியைப் பொன்னாக்கும் என்பது பெயரிலிருந்து பிறந்த ஆசை என்றே நினைக்கிறேன். கீரையோடு தயிர் சேரக்கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தயிரின் சுண்ணாம்புச் சத்து ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும், கல் தொந்தரவுக்கு அது நல்லதே. இரும்புச்சத்து வேண்டிச் சாப்பிடுகிறவர்கள் கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம், சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதைத் தள்ளிப் போடலாம். இரவில் கீரை கூடாது என்பதில் பாதி சரி. காலையில் செய்த கீரையை வெளியிலேயே வைத்திருந்து இரவில் சூடாக்கித் தின்பது நல்லதில்லை, அதிலுள்ள நைட்ரேட் கிருமிகளால் நைட்ரைட்டாக மாறும். மாலையில் புதிதாகச் செய்தால் தடை ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் வீட்டில் இருந்தால் திடீரென்று கீரையைக் கூட்டாதீர்கள், குறைக்கவும் செய்யாதீர்கள். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். சிறுநீரகக் கோளாறால் இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியவர்களுக்குப் பொட்டாசியம் கணக்கு இருப்பதால் டாக்டர் சொன்ன அளவுதான்.

குழந்தைக்கு வருகிறேன். வயல் கீரை என்று தெரிந்து வாங்கியதைக் கடைந்து நெய்விட்டுச் சோற்றில் பிசைந்து தாராளமாகக் கொடுங்கள். புதிய கீரை ஒவ்வொன்றையும் முதல்நாள் இரண்டு வாய் மட்டும் கொடுத்து மறுநாள் வயிறு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதோடு, அத்தையிடம் "பறிக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் கண்டுபிடித்த செடிகளை விதை கட்டும்வரை அந்த மனையிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள். குப்பைக்கீரையும் பண்ணைக்கீரையும் மார்கழி, தை மாதத்தில் விதை உதிர்க்கும், கதிரை உள்ளங்கையில் கசக்கினாலே கறுப்புக் கறுப்பாகக் கொட்டும். நல்ல செம்மண்ணும் மாட்டெருவும் வாங்கி மாடியில் நாலு அகலத் தொட்டி வைத்து, விதையை மணலோடு கலந்து தூவச் சொல்லுங்கள். விதையோடு வரும் உலோகம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுதான். பருப்புக்கீரைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் விதைகூட வேண்டாம், கூடைக்காரம்மாவிடம் வாங்கிய கட்டில் ஒரு தண்டை ஒடித்துச் செருகினால் பிடித்துக்கொள்ளும். மூன்று வாரத்தில் முதல் கிள்ளு கிடைக்கும், ஊமத்தைக் கன்று முளைத்தால் அத்தையின் கண்ணுக்குத் தப்பாது.